எப்படி ஆச்சு என்று கேட்பவர்

வண்டி யாருடையது என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. பெயர் கேட்க மாட்டார், என்ன வேலை என்று கேட்க மாட்டார். வந்து நிற்கும் காரை ஒருமுறை சுற்றி வருவார். எந்தச் சக்கரம் அடிபட்டிருக்கிறதோ அதன் முன்னால் ஒரு மரப்பலகையைப் போட்டு உட்காருவார். சிராய்ப்பு தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரைக்கும் கட்டை விரலால் மெதுவாகத் தடவுவார். பிறகு தலையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி. தமிழ் ஆளென்றால் "எப்படி ஆச்சு?", கன்னடக்காரர் என்றால் "ஹேகாய்த்து?", சிவாஜிநகர் பக்கத்து உருது பேசும் ஆளென்றால் "கைசா ஹுவா?" மூன்று மொழியிலும் கேள்வி ஒன்றுதான். பதில் உண்மையாக இல்லாவிட்டால் அந்தச் சக்கரத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்ற மாட்டார்.

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லோருக்கும் அவர் வீல்காரர். ஜீவனஹள்ளியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் ஒரு தகரக் கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, பாலிஷ் போடும் மோட்டார் ஒன்று, டப்பா நிறையப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்கள். இதைக் கடை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். மொபைல் போன் வைத்திருப்பவர்கள் அது சட்டைப்பைக்கு வெளியே தெரிகிற மாதிரி நடந்துகொண்டிருந்த காலம். அலாய் வீல் போட்ட காருக்குத் தெருவில் தனி மரியாதை இருந்தது. அதே சமயத்தில் ஊர் முழுக்க ரோட்டை வெட்டி, ஃபுட்பாத்துக்கு உயரமான கற்களைப் பதித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வேலைக்கு என்ன குறை? பின்னால் ஓசூர் ரோடு பக்கம் பெரிய இடமாகப் பார்த்துப் போய்விட்டார், நன்றாக இருக்கிறார் என்று கேள்வி.

நான் முதலில் அவரிடம் போனது கார் ஓட்டக் கற்றுக்கொண்ட மூன்றாவது மாதத்தில். அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் திருப்பதி போயிருந்தார்கள். அப்பாவிடம் கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த தோழி வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டு வாசலில் நிறுத்தும்போது பின்சக்கரத்தைக் கல்லில் தேய்த்துவிட்டேன். கை கால் ஓடவில்லை. தோழிதான் அவரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

"எப்படி ஆச்சு மேடம்?"

"தெரியலண்ணா. நிறுத்திட்டு உள்ள போயிருந்தேன். யாரோ இடிச்சுட்டுப் போயிட்டாங்க."

"சரி மேடம்."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். முகம் கழுவினார், டீ குடித்தார், யாருடைய பைக் ரிம்மையோ மடியில் வைத்துத் துடைத்தார். அரை மணி நேரம் ஆயிற்று. இந்த மனுஷனுக்கு வேலை செய்யும் உத்தேசமே இல்லையா என்று எனக்கு எரிச்சல்.

"அண்ணா, எப்ப ஆரம்பிப்பீங்க?"

"நீங்க ஆரம்பிங்க மேடம், நான் ஆரம்பிக்கிறேன்."

தோழி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள். வேறு வழியில்லாமல் சொன்னேன். "நான்தான் உரசிட்டேன். ரிவர்ஸ் எடுத்தேன், கல்லு கண்ணாடியில தெரியல. சத்தம் கேட்டு பயந்து பிரேக்க மிதிச்சேன். அப்புறம் முன்னால எடுத்தேனா, மறுபடியும் உரசிச்சு."

"ரெண்டு தடவ. அப்படிச் சொல்லுங்க!" உடனே பிரஷ்ஷை எடுத்துவிட்டார். முகத்தில் கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. "தப்பா சொன்னீங்கன்னா நான் தப்பான உப்புத்தாளப் போட்டுத் தேய்ச்சுடுவேன் மேடம். எப்படி உரசிச்சுன்னு தெரிஞ்சாத்தான் எவ்ளோ ஆழம்னு தெரியும்."

இது சுத்தப் பொய். அந்தக் கட்டை விரலுக்கு நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாம் தெரிந்திருந்தது. ஊரையே உண்மை பேச வைக்கும் மனுஷர் இந்த ஒரு பொய்யை மட்டும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை என்று உட்கார்ந்துவிட்டால் பார்க்கப் பார்க்கத் திகட்டாது. முதலில் மண்ணெண்ணெய் தொட்டு, பல் பிரஷ்ஷால் சக்கரத்தின் இடுக்கு இடுக்காக பிரேக் கரியை எடுப்பார். பிறகு சோப்புத் தண்ணீர். பள்ளமான இடத்தில் பட்டி பார்த்துக் காயவிட்டு, சொரசொரப்பான வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளில் தொடங்கி வழுவழுப்பானதில் முடிப்பார். ஒவ்வொரு பேப்பருக்கும் நடுவில் கழுவித் துடைத்து ஒரு தடவல். மோட்டாரில் பாலிஷ் ஏற்றிய பிறகு கடைசியாகப் பழைய வேட்டித் துணி. முடிந்ததும் நம் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, "தொட்டுப் பாருங்க, எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்பார். எங்கே என்று சொல்ல முடியாது. அப்போது மட்டும் ஒரு சின்னச் சிரிப்பு வரும்.

பக்கத்துத் தெருவில் ஒரு சர்ச் இருந்தது. அங்கே பாவமன்னிப்புக்கு வருகிறவர்களைவிட இங்கே வருகிறவர்கள்தான் அதிகம் என்பாள் என் தோழி. ஒருநாள் நான் இருக்கும்போதே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். ஆட்டோக்காரன் ஒருவன் வந்து இடித்ததாக, நம்பர் எழுதி வைத்திருப்பதாக, போலீஸில் சொல்லப்போவதாக நீளமாகக் கதை சொன்னார். இவர் "சரி சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். வெள்ளைச் சட்டைக்காரர் நடந்தார், வாட்சைப் பார்த்தார், மறுபடி நடந்தார். கடைசியில் அந்த அம்மாள்தான் காருக்குள்ளிருந்தே பொறுமை இழந்து கத்தினாள்: "எங்கம்மா வீட்டு வாசப்படியில ஏத்தினீங்கன்னு சொல்லித் தொலைங்களேன், நேரமாகுதில்ல!"

கேட்பதில் எவ்வளவு பிடிவாதமோ அதே அளவு அழுத்தம், கேட்டதை வெளியே விடாமல் இருப்பதிலும். முதலாளிக்குத் தெரியாமல் வந்த டிரைவர்கள், அண்ணனுக்குத் தெரியாமல் வந்த தம்பிகள், எத்தனை பேர்! நான் வாயைக் கிளறிப் பார்த்திருக்கிறேன். "அந்தச் செவப்பு கார் என்னாச்சுண்ணா?" என்றால், "வீலு வந்துச்சு, வீலு போச்சு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியாது.

எங்கள் வீட்டுக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாநில அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அப்பா வாங்கிய பழைய வெள்ளைக் கார் அது. அதை விற்ற பையன் அலாய் வீல் போட்டு வைத்திருந்தான். "என்னம்மா இது, சினிமாக்காரன் வண்டி மாதிரி" என்று முதல் வாரம் கூச்சப்பட்ட அப்பா, இரண்டாவது வாரத்திலிருந்து காலையில் ஈரத் துணியால் நான்கு சக்கரங்களையும் துடைக்க ஆரம்பித்துவிட்டார். தொம்மலூரில் எங்கள் தெரு முழுக்க அந்தச் சக்கரங்களைத் தெரியும். அடுத்த தெருவில் இருந்த என் அக்காவின் மகனுக்கு அப்போது ஆறு வயது. தினமும் காலையில் அவனை அந்தக் காரில் ஸ்கூலில் கொண்டுபோய் விடுவது அப்பாவின் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எனக்கு.

அடுத்த சில மாதங்களில் முன்பக்க இடது சக்கரத்தில் சிராய்ப்பு விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அப்பாதான் முதலில் பார்ப்பார். "ஏம்மா, மறுபடி உரசிட்டியா? பரவால்ல போ. கத்துக்கறப்ப அப்படித்தான்" என்பார். ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. நானும் "சாரிப்பா" என்பேன். நான் உரசினேனா என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. நான் ஓட்டிய அழகுக்கு, எதை உரசினேன் எதை உரசவில்லை என்று எனக்கே நிச்சயம் இல்லை. அம்மா, அக்கா, எதிர்வீட்டு மாமி எல்லோருக்கும் நான்தான் குற்றவாளி. என் கைராசியைப் பற்றி வீட்டில் பேசாத நாள் இல்லை.

அப்படி நான்காவது சிராய்ப்போடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போனேன். ரொம்ப நல்ல பிள்ளையாக, அவர் கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டேன். "நான்தாண்ணா. எங்கன்னு ஞாபகம் இல்ல. ஆனா நான்தான்."

கட்டை விரல் சக்கரத்தைச் சுற்றி ஒரு முறை போனது. இன்னொரு முறை போனது. பிறகு என்னைப் பார்த்தார்.

"இது உங்களுது இல்ல மேடம்."

"என்னண்ணா சொல்றீங்க?"

"நீங்க உரசினா இத்துனூண்டு இருக்கும். சத்தம் கேக்கும், பயந்து நிறுத்திடுவீங்க. கோடு அங்கயே நின்னுடும். இத தொட்டுப் பாருங்க. முழுசா ஒரு சுத்து வந்து மேல இன்னொரு சுத்து. உரசிட்டே போயிருக்காங்க. கல்லு இருக்குதுன்னே தெரியல. போன தடவயும் இதேதான். நீங்க நான்தான் நான்தான்னு அடிச்சு சொன்னீங்க, சரின்னு விட்டுட்டேன். விட்டது என் தப்பு."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் இல்லை! அம்மாவிடம் என்ன சொல்வது, எதிர்வீட்டு மாமியிடம் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்டார். அவர் வழக்கத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது.

"இந்த வண்டியில சின்னப் பசங்க போவாங்களா?"

"அக்கா பையன். தினமும் ஸ்கூலுக்கு…"

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. வீட்டில் கார் ஓட்டுகிறவர்கள் இரண்டே பேர். நான் இல்லையென்றால் அப்பா. ஸ்கூல் வாசலில் அப்பா காரை இடது பக்கம் ஒதுக்குவார். பிள்ளைகள் வரிசையாக நடந்து வருவதும் அந்த இடது பக்கத்தில்தான்.

அவர் கையிலிருந்த பிரஷ்ஷைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துவிட்டார். "இன்னிக்கு கல்லு மேடம். நாளைக்கும் கல்லாவே இருக்கும்னு யார் சொல்றது?" என்றார். பிறகு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முன்னாடியெல்லாம் நான் கேக்க மாட்டேன். வீலு வந்தா கழுவுவேன், தேய்ப்பேன், குடுத்துடுவேன். ஒருத்தன் காலையில வந்தான், அவசரம்னான். செஞ்சு குடுத்துட்டேன். முந்தின ராத்திரி மெயின் ரோட்ல ஒரு பையன அடிச்சுப் போட்டுட்டு ஒரு வண்டி நிக்காம போயிடுச்சுன்னு சாயங்காலம் பேசிக்கிட்டாங்க. அந்த வண்டிதானா, வேறயா, எனக்குத் தெரியாது. அது தெரியாமலே போயிடுச்சு பாருங்க. அதான் கேக்கறேன்."

 

"வண்டி இங்கயே இருக்கட்டும். உரசினவங்க வந்து சொல்லட்டும், அப்புறம் செய்யறேன்" என்றார். அப்பா என்று அவர் வாயால் சொல்லவே இல்லை.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். வேலை முடியவில்லை, கார் அங்கேயே இருக்கிறது என்று சொன்னேன். அக்கா மகன் திங்களும் செவ்வாயும் ஆட்டோவில் ஸ்கூலுக்குப் போனான். அப்பாவைத் திருட்டுத்தனமாகக் கவனித்தேன். கதவைத் தாண்டும்போது இடது தோள் நிலையில் இடித்தது. இடது பக்கம் வைத்த சட்னிக் கிண்ணத்தைத் தேடினார். இதெல்லாம் எத்தனை நாளாக நடக்கிறது? ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? "அப்பா, உங்களுக்குக் கண்ணு…" என்று சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். முப்பத்தைந்து வருஷம் ஒரு நாள்கூடத் தாமதமாக ஆபீஸ் போகாத மனுஷரிடம், நீங்கள் இனி கார் ஓட்டக் கூடாது என்று எப்படிச் சொல்வது? தைரியம் வரவில்லை. மூன்று ராத்திரியும் சரியாகத் தூங்கவில்லை.

புதன்கிழமை அப்பாவே கிளம்பிவிட்டார். "ஒரு வீல தேய்க்க நாலு நாளா? நான் பேசிக்கறேன் வா." நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன்.

"ஏம்பா, என்ன பிரச்சனை உனக்கு?" என்று அதட்டிக்கொண்டே போனார் அப்பா.

வீல்காரர் எழுந்து நின்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "வாங்க சார், உக்காருங்க. எப்படி ஆச்சு?"

"இவ ஓட்டக் கத்துக்கறா. உரசிட்டா. நானே திட்டல. உனக்கென்னப்பா?"

"சரி சார்."

அந்தச் 'சரி' எனக்குத் தெரியும். அவர் போய் ஒரு பைக் ரிம்மை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்பா பேப்பரை விரித்தார். ஒரு ரயில் போனது. அப்பா பேப்பரை மடித்தார். வீல்காரர் டீ வாங்கிவந்து, அப்பாவின் இடது பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் கிளாஸை வைத்துவிட்டுத் தன் கிளாஸோடு எதிரே உட்கார்ந்தார். வேண்டுமென்றே அங்கே வைத்தாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

நானும் அவரும் குடித்து முடித்தோம். அப்பா சும்மா இருந்தார். பிறகு கொஞ்சம் ரோஷத்தோடு கேட்டார்: "எனக்கு டீ கிடையாதாப்பா?"

வீல்காரர் எழுந்து வந்து, அந்தக் கிளாஸை எடுத்து அப்பாவின் வலது கையருகே வைத்தார். டீயின் மேல் ஏடு படிந்திருந்தது. அப்பா கிளாஸைப் பார்த்தார். அது இருந்த பெட்டியைப் பார்க்கத் தலையை முழுதாகத் திருப்பினார். அந்தத் தலை திரும்பியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

பிறகு அப்பா பேசினார். அதட்டல் போய்விட்டிருந்தது.

"சத்தம் கேட்டுதுப்பா. ஜல்லின்னு நெனச்சேன். கல்லு எனக்குத் தெரியல. ஒரு தடவகூடத் தெரியல. இவளா இருக்கும்னு நானே நம்பிட்டேன்."

"அப்படிச் சொல்லுங்க சார்" என்றார் வீல்காரர். எனக்குச் சொன்ன அதே வார்த்தைதான். ஆனால் குரல் தணிந்திருந்தது. பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். "நான் இத பாத்துக்கறேன். நீங்க மேடம்கூட இப்பவே கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

கண் ஆஸ்பத்திரியில் அப்பாவை ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து உட்காரச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண்ணுக்கு டக், டக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. இடது கண் வந்தபோது சத்தம் நின்றுபோனது. எப்போதாவது ஒன்று வரும். நான் வராந்தாவில் நின்று அந்த ஒன்றுக்காகக் காத்திருந்தேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, இடது கண்ணின் ஓரப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, வலது கண்ணை இப்போதுதான் தொட்டிருக்கிறது என்றார் டாக்டர் அம்மா. "போனது வராது. இருக்கிறதைக் காப்பாத்திடலாம். தினமும் சொட்டு மருந்து, தவறாமல் செக்கப். நல்ல வேளை, இப்ப வந்தீங்க. வலது கண்ணும் போன பிறகுதான் நிறையப் பேர் வர்றாங்க." எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. துக்கம் என்று நினைத்து நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். துக்கமே இல்லை. இருக்கிறதைக் காப்பாற்றிவிடலாம் என்ற அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அப்பாவின் வலது கண் இன்றைக்கும் பேப்பர் படிக்கிறது. ஸ்கூல் வாசலில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் காரை எடுக்கப் போனோம். ஒரு சக்கரத்தைத்தான் செய்யச் சொல்லியிருந்தோம், அவர் நான்கையும் செய்து வைத்திருந்தார். வெயில் அதில் பட்டுக் கண் கூசியது. வழக்கம்போலத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அப்பா குனிந்து, இடது சக்கரத்தைச் சுற்றி முழுதாகத் தடவிப் பார்த்தார். எழுந்திருக்கும்போது முகம் எப்படியோ இருந்தது. இனி கார் ஓட்ட முடியாத வருத்தம் என்று நினைத்துப் பயந்தேன். இத்தனை வருஷத்தில் அப்பாவை நான் புரிந்துகொண்ட லட்சணம் அவ்வளவுதான்.

"ஒரு வருஷமா ஸ்டியரிங்கப் புடிச்சாலே கை வேர்க்கும்பா" என்றார் வீல்காரரிடம். "பையன எறக்கி விட்டுட்டு அப்படியே பத்து நிமிஷம் உக்காந்திருப்பேன், படபடன்னு வரும். யாருகிட்ட சொல்றது? இனிமே நான் ஓட்ட வேணாம்ல?"

அனுமதி கேட்பதுபோல் கேட்டார். நான், அம்மா, அக்கா என்று குடும்பத்தில் இத்தனை பேர் இருக்க, அதை ஒரு வீல்காரரிடம் கேட்டார்.

"வேணாம் சார்."

அப்பா சிரித்தார். அப்படி அவர் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. சாவியை என் கையில் வைத்துவிட்டு, இடது பக்கம் போய்க் கதவைத் தடவித் திறந்து உட்கார்ந்தார். வழக்கமாக நான் ஓட்டினால் கால் தரையை அழுத்தும், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். அன்றைக்கு அல்சூர் ஏரி வருவதற்குள் தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வீட்டு வாசலுக்கு வந்தும் நான் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அணைத்தால் விழித்துக்கொள்வார்.